பிளாஸ்மா கட்டருக்குக் காய்ந்த காற்று: ஒரு பழைய விண்டோ ஏசியின் தயவில்

நேற்று மாலை அக்கா வீட்டு கேட்டுக்கான ஒன்பதாவது தகட்டை வெட்டி முடித்தேன். ஏழாவது தகட்டின்போது மாட்டிய நாசில், அதாவது தீ வெளியே வரும் குட்டிச் செம்பு முனை, இன்னும் டார்ச் என்கிற வெட்டும் தலையிலேயே இருக்கிறது. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருக்கும் வாரத்தில் இப்படி நடப்பது எனக்குப் பெரிய விஷயம். போன வருடம் இதே மாதத்தில் ஒரு தகட்டுக்கு மூன்று நாசில் போய்க்கொண்டிருந்தது. அதோடு வேலையை மூட்டை கட்டி வைத்தேன். அக்கா சித்திரை வரை கேட்டுப் பார்த்தாள், அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள்.

வேலை இதுதான்: 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில், இரண்டடிக்கு இரண்டடியில், புள்ளிக் கோலம். மொத்தம் 12 தகடு. ஒவ்வொன்றிலும் 64 இடத்தில் துளைத்து உள்ளே இறங்க வேண்டும். என்னிடம் இருப்பது 40 ஆம்பியர் பிளாஸ்மா கட்டர் (மின்பொறியையும் அழுத்திய காற்றையும் சேர்த்து இரும்பை உருக்கி வெட்டும் மெஷின்), அதற்குக் காற்று கொடுக்க 2 எச்பி கம்ப்ரசர், 100 லிட்டர் டேங்க். இடம் திருவொற்றியூர். கடல் நடந்து போகிற தூரம். கார் நிற்க வேண்டிய ஷெட்டில் கார் நின்றதே இல்லை.

முதலில் என்ன கோளாறு என்றே தெரியவில்லை. காலையில் ஆரம்பித்தால் முதல் இருபது நிமிடம் வெட்டு கத்தி போட்ட மாதிரி வரும். பிறகு ஆர்க் (வெட்டுகிற மின்பொறி) திக்கும், கீழே கசடு கட்டும், வெட்டின ஓரம் ஒரு பக்கமாகச் சாயும். கழற்றிப் பார்த்தால் நாசிலின் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருக்கும். நாசிலுக்குப் பின்னால் இருக்கும் எலக்ட்ரோடு நடுவில் ஹாஃப்னியம் என்ற உலோகப் பொட்டு ஒன்று உண்டு. அது எரிந்து குழி விழுவது சகஜம்தான், குழி ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டினால் மாற்றிவிட வேண்டும். எனக்குக் கால் மணி நேரத்தில் 2 மில்லிமீட்டர் குழி. வெர்னியரின் பின்பக்கக் கம்பியை விட்டு அளந்தேன். நம்பிக்கை வராமல் மறுபடி அளந்தேன்.

மலிவு நாசில் என்று நினைத்துக் கடையை மாற்றினேன். எர்த் கிளாம்ப்பைப் புதிதாக வாங்கினேன். வீட்டு கரண்டில் வோல்டேஜ் குறைகிறது என்று சந்தேகப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்டிமீட்டரோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் மெஷின் பின்னால் இருக்கும் காற்று ஹோஸைக் கழற்றியபோதுதான் காலில் சில்லென்று ஏதோ தெறித்தது. தண்ணீர். ஒரு மடக்கு இருக்கும்.

சரி, தண்ணீர்தானே, செப்பரேட்டர் போட்டால் தீர்ந்தது என்று பாரிமுனை செம்புதாஸ் தெருவுக்குப் போய் காற்றிலிருந்து தண்ணீர்த் துளியைப் பிரிக்கும் அரை இன்ச் வாட்டர் செப்பரேட்டர் ஒன்று வாங்கி வந்தேன், 1,150 ரூபாய். கம்ப்ரசர் டேங்க்கின் வாயிலேயே மாட்டினேன். கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் சேர்ந்தது, டார்ச் அதே மாதிரி திக்கியது. இன்னும் நல்லதாக ஒன்று வேண்டும் போலிருக்கிறது என்று 1,400 ரூபாய்க்கு இரண்டாவது வாங்கி முதலாவதற்குப் பக்கத்திலேயே மாட்டினேன். அதன் கிண்ணத்தில் ஒன்றுமே சேரவில்லை. ஆனால் ஹோஸின் கடைசியில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.

சோதிக்க ஒரு சுலபமான வழி பிடித்தேன். சவரம் செய்யும் கண்ணாடியை எடுத்து, மெஷினுக்குப் போகும் ஹோஸில் ஏர் கன்னை மாட்டி, பத்து விநாடி கண்ணாடி மேல் ஊதுவது. காலை முதல் ஊதலில் கண்ணாடி பளிச். இருபது நிமிடம் கம்ப்ரசர் ஓடிய பிறகு ஊதினால் பனி படர்ந்து, நடுவில் பொட்டுப் பொட்டாகத் துளி. அப்போது செப்பரேட்டரைத் தொட்டால் ஆறாத காபி டம்ளர் மாதிரி சூடாக இருக்கும். விடையே அந்தச் சூட்டில்தான் இருந்தது. தினமும் தொட்டுக்கொண்டே இருந்தும் இரண்டு வாரம் அது எனக்கு உறைக்கவில்லை.

அதற்குள் அடுத்த தப்பைச் செய்தேன். சிலிக்கா ஜெல் போட்டால் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று படித்து, ஜெல் நிரப்ப ஒரு குழாய் தேடினேன். வீட்டில் தண்ணீர் ஃபில்டரின் பழைய ஹவுசிங் (உள்ளே இருப்பது வெளியே தெரியும் கூடு) கிடந்தது. ஜெல் நிறம் மாறுவது வெளியே தெரியும், இதைவிட வசதி எது? எங்கள் தெருமுனை லேத் பட்டறைப் பெரியவரிடம் அதற்கு நிப்பிள் (திரெட் போட்ட இணைப்புத் துண்டு) கடையக் கொடுத்தபோது அவர் ஹவுசிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது தண்ணிக்குச் செஞ்சது. காத்த அடைச்சு இது வெடிச்சா துண்டு துண்டா பறக்கும். மூஞ்சிக்கு நேரா வெச்சுக்கப் போறியா?" பிவிசி குழாய் என்றால் பரவாயில்லையா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் முறைத்தார். கடைசியில் இரண்டு இன்ச் ஜிஐ குழாயில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இரண்டடி வெட்டி, இரு முனையிலும் திரெட் போட்டு, மூடியோடு கொடுத்தார். மூடி, கூலி எல்லாம் சேர்த்து 900 ரூபாய். நம் ஐஎஸ்ஐ ஜிஐ குழாயை 50 பார் அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றிச் சோதிக்கிறார்கள். என் வேலைக்கு 8 பார் போதும்.

குழாய்க்குள் சரியாக ஒரு கிலோ ஜெல் பிடித்தது. மாட்டி கம்ப்ரசரைப் போட்டேன். கால் மணி நேரத்தில் குழாய்க்குள் கடுகு தாளிக்கிற சத்தம், பட் பட் என்று. திரவமாகத் தண்ணீர் பட்டால் சிலிக்கா ஜெல் மணிகள் வெடித்து உடையும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. உடைந்த தூள் ஹோஸ் வழியாகப் போய், டார்ச்சுக்குள் காற்றைச் சுழற்றி விடும் வளையத்தின் குட்டித் துளைகளை அடைத்துக்கொண்டது. ஊசி வைத்துக் குத்திக் குத்திச் சுத்தம் செய்தேன். ஜெல்லில் பாதி வீண்.

அதன் பிறகுதான் காகிதத்தை எடுத்தேன். 32 டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 27 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். என் கம்ப்ரசர் நிமிடத்துக்கு 150 லிட்டர் உறிஞ்சுகிறது, மணிக்கு 9 கன மீட்டர். அப்படியானால் மணிக்குக் கிட்டத்தட்ட கால் லிட்டர் தண்ணீரை நானே டேங்க்குக்குள் அனுப்புகிறேன். காற்றை அழுத்திக் குளிரவும் வைத்தால் இதில் பெரும்பகுதி தானாகத் தண்ணீராக விழுந்துவிடும். ஆனால் பம்ப்பிலிருந்து காற்று கொதிக்கக் கொதிக்க வருகிறது. சூடாக இருக்கும்வரை தண்ணீர் ஆவியாகவே இருக்கும், செப்பரேட்டர் அதைத் தொடக்கூட முடியாது. அது வேலைக்காரன்தான், துளி வந்தால் பிடிப்பான். துளியே வராத இடத்தில் நான் இரண்டு பேரை நிற்க வைத்திருந்தேன். காற்று நிதானமாக முப்பதடி ஹோஸில் போகும்போது குளிர்ந்து, டார்ச் பக்கத்தில் துளியானது. காலையில் மட்டும் நன்றாக வெட்டியதற்கும் இதுதான் காரணம்: டேங்க் குளிர்ந்திருந்தது.

எவ்வளவு சூடு என்று பார்க்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை பம்ப்பின் செம்புக் குழாய் மேல் காட்டினேன். 52 டிகிரி என்றது. விரலை வைத்தேன், வைத்திருக்கக் கூடாது. பளபளக்கும் செம்பு மேல் அந்தக் கருவி பொய் சொல்லும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று சுற்றி அதன் மேல் காட்டியபோது 118. டேங்க்கில் நுழையும் இடத்தில் 74. டேங்க் வாயில் 51. அன்று வெளியே 33.

ஆகவே பம்ப்புக்கும் டேங்க்குக்கும் நடுவில் குளிர்விக்க ஏதாவது வேண்டும். புதுப்பேட்டையில் கார் ஏசி கன்டென்சர் (ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் காயில்) ஒன்றைப் பார்த்தேன், விலை படிந்தது, ஆனால் அலுமினியம். அதன் வாய்க்கு ஏற்ற ஃபிட்டிங் செய்ய அலுமினிய வெல்டிங் தேட வேண்டும். எங்கள் பகுதி ஏசி மெக்கானிக்கிடம் சொன்னேன். "அண்ணா, எதுக்கு அவ்ளோ தூரம்? ஒன்றரை டன் விண்டோ ஏசி காயில் ஒண்ணு கிடக்கு, செம்பு விலைக்குக் கொடுத்துடறேன்" என்றான். 2,500 ரூபாய். ஏசி கன்டென்சர் ஓடுகிற பிரஷருக்கு என் 8 பார் தூசு.

உள்ளே பழைய ஏசி ஆயில் இருக்கும். கொதிக்கும் காற்றும் ஆயிலும் சேர்வது நல்லதில்லை என்று அவனே ஃப்ளஷ் செய்து, நைட்ரஜன் விட்டு நன்றாக ஊதி, இரு வாயிலும் அரை இன்ச் ஃப்ளேர் நட் வருமாறு பிரேசிங் செய்து கொடுத்தான், 1,500. உள்ளே காயில் இரண்டு வரிசையாகப் பிரிந்து ஓடுவதையும் பார்த்துக்கொண்டேன். ஒரே மெல்லிய குழாயாக இருந்திருந்தால் காற்று நெரிந்து பம்ப் திணறியிருக்கும். சமையலறையிலிருந்து கழற்றிய பழைய எக்ஸாஸ்ட் ஃபேனை அதன் முன்னால் நிறுத்தினேன். சுவரில் கம்ப்ரசருக்கு மேலே, காற்று மேல் வாயில் நுழைந்து கீழ் வாயில் வெளியேறும்படி மாட்டினேன். உள்ளே உருவாகும் தண்ணீர் தேங்காமல் டேங்க்குக்கு வடிய வேண்டும்.

பம்ப் தலையிலிருந்து காயிலுக்கு நேராகச் செம்புக் குழாய் இழுத்தேன். பார்க்க அழகாகவே இருந்தது. ஆறாம் நாள் ஃப்ளேர் நட்டின் கழுத்தில் விரிசல். கம்ப்ரசர் ஆடும், சுவர் ஆடாது, நடுவில் மாட்டிய செம்பு என்ன செய்யும்? ரப்பர் ஹோஸ் அந்தச் சூட்டுக்கு ஆகாது. உள்ளே டெஃப்லான், வெளியே ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் 850 ரூபாய்க்குக் கிடைத்தது. அதை மாட்டிய பிறகு தொந்தரவு இல்லை. பம்ப் தலைக்கும் காயிலுக்கும் நடுவில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு 10 பார் சேஃப்டி வால்வு ஒன்றும் வைத்தேன், 450. டேங்க்கில் இருக்கும் சேஃப்டி வால்வு, காயில் அடைத்துக்கொண்டால் பம்ப்பைக் காப்பாற்றாது.

ஒரு மாற்றம் முதலில் பயமுறுத்தியது. முன்பெல்லாம் கம்ப்ரசர் நின்றதும் 'புஸ்' என்று ஒரு விநாடி காற்று விடும். காயில் மாட்டிய பிறகு நாலைந்து விநாடி நீளமாக 'புஸ்ஸ்ஸ்' என்றது. லீக் என்று நினைத்துச் சோப்பு நுரையோடு எல்லா நட்டையும் சுற்றி வந்தேன். லீக் இல்லை. மோட்டார் மறுபடி பாரமில்லாமல் கிளம்ப, பம்ப்பிலிருந்து டேங்க் வால்வு வரை இருக்கும் காற்றை அது வெளியே விடுகிறது. இப்போது அந்த வழியில் ஒரு காயிலே இருக்கிறது, அதைக் காலி செய்ய நேரமாகிறது, அவ்வளவுதான்.

பலன் அன்றே தெரிந்தது. டேங்க்கில் நுழையும் இடத்தில் 74 இருந்தது 37 ஆனது. முன்பு ஒரு மணி நேர வேலைக்குப் பிறகு டேங்க்கின் அடி வால்வைத் திறந்தால் 60 மில்லி வரும், இப்போது 170 மில்லி. சமையலறை அளவுக் குவளையில் பிடித்துப் பார்த்தேன். தேநீர் நிறத்தில் துருவும் லேசான எண்ணெய் வாசனையும். அந்தக் குவளை இப்போது ஷெட்டில்தான் இருக்கிறது, வீட்டுக்குள் திரும்ப அனுமதி இல்லை.

டேங்க்கிலிருந்து மெஷின் வரை சுவரோடு 18 அடிக்கு அரை இன்ச் ஜிஐ குழாய் ஓட்டினேன். பத்தடிக்கு ஒரு இன்ச் சரிவு. கடைசியில் ஒரு டீ: நேர் கீழே ஒன்றரை அடி குழாயும் பால் வால்வும், தண்ணீர் அதில் இறங்கட்டும் என்று. மெஷினுக்கான காற்றை மேல்பக்கமாக வளைத்து எடுத்தேன். குழாய், எல்போ, யூனியன் எல்லாம் 3,200, மூன்று பால் வால்வு 840. இந்த வேலையில் புதுமை ஏதும் இல்லை, டெஃப்லான் டேப்பும் பைப் ரெஞ்சும் இருந்தால் ஒரு நாளில் முடியும். எனக்கு இரண்டு நாள் ஆனது, ஏனென்றால் ஒரு யூனியனை (குழாயைக் கழற்றி மாட்ட உதவும் இணைப்பு) தலைகீழாகப் போட்டேன்.

அதன் பிறகு வரிசை: இரண்டாவதாக வாங்கிய செப்பரேட்டர், அடுத்து உலோகக் கிண்ணம் போட்ட எண்ணெய் ஃபில்டர் (2,900 ரூபாய், இதில் கஞ்சத்தனம் கூடாது, எண்ணெய் பட்ட ஜெல் பழுப்பாகிச் செத்துவிடும்), அடுத்து ஜெல் குழாய், அடுத்து முதலில் வாங்கிய செப்பரேட்டர். அதற்குள் 5 மைக்ரான் ஃபில்டர் இருப்பதால் ஜெல் தூள் தாண்டாமல் காவல் நிற்கிறது. கடைசியில் ரெகுலேட்டர், 5 பாருக்கு. ஜெல் குழாயில் காற்றை அடியிலிருந்து மேலே விடுகிறேன், தப்பித்தவறி வரும் துளி கீழேயே நிற்கும். இரு முனையிலும் டீ வடிகட்டியின் ஸ்டீல் வலையை வட்டமாக வெட்டி வைத்திருக்கிறேன்.

ஜிஐ குழாய்க்குள் ஜெல்லின் நிறம் தெரியாது. அதனால் எடை பார்க்கிறேன். இரு பக்கமும் யூனியன் இருப்பதால் இரண்டு நிமிடத்தில் கழற்றி அப்படியே சமையலறைத் தராசில் நிறுத்தலாம். காலிக் குழாய் 4,210 கிராம். காய்ந்த ஜெல் ஒரு கிலோ. மொத்தம் 5,360ஐத் தொட்டால் எடுத்துக் காய வைக்கிறேன், அதாவது 150 கிராம் தண்ணீர் குடித்தபோது. ஆர்க் எரியும் நேரமாகக் கணக்குப் போட்டால் சுமார் நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை. காயில் மாட்டாமல் இதே ஜெல்லைப் போட்டிருந்தால் ஒரு மணி நேரம் தாங்கியிருக்காது.

காய வைப்பதிலும் ஒரு கூத்து. மொட்டைமாடி வெயிலில் நாள் முழுக்கப் பரப்பி வைத்தேன். மாலையில் நிறுத்துப் பார்த்தால் எடை ஐந்து கிராம் கூடியிருந்தது. கடற்காற்று! பிறகு இரும்பு வாணலியில் போட்டு வறுத்தேன். நான் வாங்கியது காய்ந்தால் ஆரஞ்சு, ஈரமானால் பச்சை ஆகும் வகை. அடியில் இருந்த மணிகள் கருகிக் கறுத்தன, மேலே இருந்தவை பச்சையாகவே இருந்தன. இப்போது ஒரு பழைய ஓடிஜி அடுப்பில் 120 டிகிரியில், தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, மூன்று மணி நேரம். ஆறுவதற்குள் பாட்டிலில் போட்டு மூடிவிட வேண்டும். சாப்பாட்டு அடுப்பை இதற்கு எடுக்காதீர்கள். ஜெல்லில் கம்ப்ரசர் எண்ணெய் ஆவியும் கொஞ்சம் இருக்கும். நீலம் ரோஸாக மாறும் ஜெல்லும் கடையில் உண்டு. அதில் கோபால்ட் உப்பு, நான் தொடவில்லை.

செலவு: இரண்டு செப்பரேட்டர் 2,550, குழாயும் வால்வும் 4,040, காயிலும் அதன் கூலியும் 4,000, ஸ்டீல் ஹோஸ் 850, சேஃப்டி வால்வு 450, எண்ணெய் ஃபில்டர் 2,900, ஜெல் குழாய் 900, ஜெல் இரண்டு கிலோ 640. மொத்தம் 16,330. எரிந்த நாசில்களை எண்ணவில்லை, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன், பாட்டில் நிறைந்துவிட்டது. ஃபிரிட்ஜ் மாதிரி குளிர்விக்கும் ரெடிமேட் ஏர் டிரையர் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை சொன்னார்கள். தினமும் வெட்டுகிறவர் யோசிக்காமல் அதை வாங்கிவிடலாம். மாதத்துக்கு நாலு ஞாயிறு வெட்டுகிற எனக்கு இது போதும்.

மறுபடி செய்தால் முதல் ரூபாயைக் காயிலுக்குத்தான் செலவழிப்பேன். காயிலுக்கும் டேங்க்குக்கும் நடுவிலேயே ஒரு செப்பரேட்டர் வைப்பேன், அந்த 170 மில்லியும் டேங்க்குக்குள் போய்த் துரு ஏற்ற வேண்டியதில்லை. டேங்க்கின் அடி வால்வை ஒரு குழாய் போட்டு முன்பக்கம் இழுப்பேன். இப்போது அதைத் திறக்க சிமென்ட் தரையில் படுத்துக் கையை உள்ளே விட வேண்டியிருக்கிறது. படுக்கச் சோம்பல்பட்டு இரண்டு வாரம் திறக்காமல் விட்டதில், போன புதன்கிழமை டேங்க் வாயிலேயே தண்ணீர் வந்து எண்ணெய் ஃபில்டர் வரை நனைத்துவிட்டது. அதற்கப்புறம் ஷெட் கதவில் சாக்பீஸால் தேதி எழுதி வைக்கிறேன்.

இன்று காலை நிறுத்துப் பார்த்தேன்: 5,290. பாக்கி மூன்று தகடு. ஒரு மணி நேர ஆர்க் கூட ஆகாது, அடுத்த ஞாயிறு வரை ஜெல் தாங்கும். அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை. பன்னிரண்டும் முடிந்து, பெயின்ட்டும் அடித்த பிறகு போன் செய்துகொள்ளலாம்.